பாக்கெட் டார்ச்: கையில் வந்ததும் நான் செய்து பார்க்கும் சோதனைகள்

லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. கரண்ட் போன மெஷின் ரூம், லிஃப்ட் குழியின் அடி, கன்ட்ரோல் பேனலின் உள்பக்கம் என்று பகலிலும் இருட்டாக இருக்கும் இடங்களில்தான் பாதி நேரம் போகும். அதனால் விரல் நீள டார்ச் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். புதிதாக ஒன்று வாங்கினால், ஒரு வாரம் வீட்டில் வைத்துச் சோதித்த பிறகுதான் வேலைக்கு எடுத்துப் போவேன். என்னிடம் டார்ச் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை லூமன்?" என்றுதான். டார்ச் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் தரும் என்று சொல்லும் அளவு அது. நான் முதலில் பார்ப்பது அதை இல்லை.

முதல் சோதனை ராத்திரியில். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டில் உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாவது வேண்டும். பிறகு டார்ச்சை ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு வெளிச்சம் அடித்தால், பழகிய கண் அத்தனையும் அந்த நொடியே போச்சு. மிகக் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி ஏறுவது, அல்லது பட்டனை அழுத்திப் பிடித்தால் நேராக மங்கல் நிலைக்குப் போவது, இந்த இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். ஒரு லூமனோ அதற்கும் கீழோ போதும்; கை நீட்டும் தூரத்தில் எழுத்துத் தெரியும், பக்கத்தில் தூங்குகிறவர் விழிக்க மாட்டார். சும்மா மினுக்மினுக்கென்று அடிக்கும் ஸ்ட்ரோப், சாதாரணமாகத் தட்டும் வரிசையில் நடுவே வந்தால் அந்த டார்ச் எனக்கு வேண்டாம்.

நடு நிலைகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் பாருங்கள். லூமன் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஏறினால்தான் "ஆமாம், கூடியிருக்கிறது" என்று மனசு ஒப்பும். 200, 300, 400 என்று நிலைகள் வைத்திருப்பது வீண். 1, 20, 100, 400 என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பேனலுக்குள் ஒரு அடி தூரத்தில் வேலை செய்யும்போது பத்தில் எட்டு முறை 20 முதல் 50 லூமனுக்குள்தான் நான் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் தகட்டில் பட்டு முகத்திலேயே திரும்பி அடிக்கும்.

அடுத்தது நிறம். இதில் நான் பட்ட பாடு மறக்காது. ஒரு நள்ளிரவில், பவரை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, பேனலில் கழற்றிய வயர்களைத் திரும்பச் சொருகிக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச். சிவப்பு என்று நினைத்து ஒன்றை முறுக்கி முடித்துவிட்டேன். உடன் இருந்த உதவியாள் பையன் தன் மஞ்சள் வெளிச்ச டார்ச்சை அடித்துப் பார்த்து, "அண்ணே, அது பிரவுன்ணே" என்றான். குனிந்து பார்த்தால் பிரவுன்தான். என் டார்ச்சில் இரண்டும் ஒரே சாம்பல் கலந்த செங்கல் நிறமாகத் தெரிந்தன. சுவிட்ச் போடும் முன் அவன் பார்த்ததால் தப்பித்தோம்.

அன்றிலிருந்து சிவப்பு, பிரவுன், ஆரஞ்சு வயர் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பகலில் ஜன்னலோரம் அவற்றைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, ராத்திரி டார்ச்சில் பாருங்கள். வயர் இல்லாவிட்டால் உள்ளங்கை போதும். நல்ல வெளிச்சத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரியும். மோசமானதில் கை வெளிறிப் பிணக்கை மாதிரி இருக்கும். பெட்டியில் இதைச் சிஆர்ஐ என்று போடுவார்கள், உச்சம் 100. சாதாரண எல்இடி 70 அளவில் நிற்கும், நிறம் பிரிக்க 90-க்கு மேல் தேவை. ஆர்9 என்று தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள், அடர் சிவப்பு எவ்வளவு சரியாகத் தெரியும் என்று சொல்வது அதுதான். வெளிச்சத்தின் சாயலைக் கெல்வினில் சொல்வார்கள்: 6500 நீலம் கலந்த வெள்ளை, 3000 மஞ்சள், எனக்குப் பிடித்தது 4000 பக்கம். சிஆர்ஐ கூடினால் லூமன் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

இன்னொன்று, பலரும் பார்க்காமல் விடுவது: துடிப்பு. வெளிச்சத்தைக் குறைக்கச் சில டார்ச்சுகள் எல்இடியைப் படபடவென்று அணைத்து அணைத்து எரிய வைக்கும். குறைந்த நிலையில் வைத்து, வெளிச்சத்துக்குக் குறுக்கே ஸ்க்ரூடிரைவரை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலான தீற்றலாகத் தெரிந்தால் சரி. விசிறி விரித்த மாதிரி நாலைந்து ஸ்க்ரூடிரைவர் தனித்தனியாகத் தெரிந்தால் துடிக்கிறது. செல்போன் கேமராவில் பார்த்தால் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடும். தலைவலி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓடுகிற மோட்டாரின் கப்பி, துடிப்போடு ஒத்துப்போகும் வேகத்தில் சுற்றினால் நின்றுவிட்ட மாதிரியே தெரியும். நின்றதாக நினைத்துக் கை வைத்தால் விரல் போகும். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இந்த வகை டார்ச் கூடவே கூடாது.

இப்போது லூமன். பெட்டியில் "ஆன்ஸி எஃப்எல்1" என்று இருந்தால், டார்ச்சுகளை அளக்கும் பொதுவான தரமுறை ஒன்றின்படி அளந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த முறையில் டார்ச் போட்ட 30-வது நொடிக்கும் 120-வது நொடிக்கும் இடையில் வெளிச்சத்தை அளக்கிறார்கள். எரியும் நேரமோ, தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை கணக்கு. ஆக, 1000 லூமன், இரண்டு மணி நேரம் என்று போட்ட டார்ச் மூன்றாவது நிமிடத்தில் 300-க்கு இறங்கி, மீதி நேரம் அப்படியே எரிந்தாலும் பெட்டியில் உள்ளது பொய்யில்லை. தூரமும் அப்படித்தான்: கால் லக்ஸ் வெளிச்சம் போய்ச் சேரும் இடம்வரை அளக்கிறார்கள், அதாவது தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலா அளவு. பொருளை அடையாளம் காண வேண்டுமென்றால் அந்த எண்ணைப் பாதியாக்குங்கள். பாதி தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு இருக்கும்.

இதைக் குளியலறையில் சரிபார்க்கலாம். வெள்ளைக் கூரை, கதவை மூடினால் இருட்டு. முழுக்கச் சார்ஜ் செய்த டார்ச்சைக் கூரை பார்க்க நிமிர்த்தி வையுங்கள். செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலியைத் திறந்து, ஒரே இடத்தில் நகராமல் வையுங்கள். 30-வது நொடி, பிறகு 1, 2, 3, 5, 10, 30 நிமிடங்களில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் காட்டும் எண் துல்லியமானதல்ல, ஒன்றுக்கொன்று ஒப்பிட மட்டும் உதவும். என் நோட்டில் இப்போதைய டார்ச்சுக்கு எழுதியிருப்பது: 30 நொடியில் 96, இரண்டு நிமிடத்தில் 88, மூன்றில் 41, அதன் பிறகு ஒரு மணி நேரம் 39-க்குக் கீழ் போகவில்லை. அந்த 39-தான் இந்த டார்ச்சின் உண்மையான பலம். இறங்குவது குற்றமில்லை. விரலளவு அலுமினியத்தில் அந்தச் சூடு போக வேறு வழி கிடையாது. இறங்காமல் கையைச் சுடுகிறவரை எரிவதுதான் ஆபத்து.

பேட்டரி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: செல்லைக் கழற்ற முடிய வேண்டும். உள்ளேயே மூடியிருந்தால் செல் செத்த அன்று டார்ச்சும் செத்தது. ஏஏ செல்லும் 14500 லித்தியம் செல்லும் பார்க்க ஒரே அளவுதான், ஆனால் ஒன்று 1.5 வோல்ட், மற்றது முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். இரண்டும் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் மாற்றிப் போடுங்கள். ஆல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளே விட்டுவிடாதீர்கள். கசிந்து, ஸ்பிரிங்கைத் தின்று, குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒன்றை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். லித்தியம் செல் போட்டதை ஏணியில் ஏறும்போது வாயில் கவ்வவே வேண்டாம். செல் பழுதானால் சூடான வாயு பீறிடும். தொப்பியின் விளிம்பில் மாட்டும்படி இரண்டு பக்கமும் வாயுள்ள கிளிப் அதற்குத்தான்.

யூஎஸ்பி-சி சார்ஜ் வசதி இருந்தால், இரண்டு முனையும் சி ஆக உள்ள கேபிளில் ஒருமுறை சொருகிப் பாருங்கள். துளைக்குப் பின்னால் இரண்டு சிறு ரெசிஸ்டர்களை விட்டுவிட்ட டார்ச், பழைய ஏ வகை கேபிளில் மட்டும் ஏறும், இதில் சும்மா கிடக்கும். தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருந்தாலும் மூடியைக் கழற்றி ரப்பர் வளையம் முறுக்கின்றி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கோன் கிரீஸ் துளி தடவுங்கள்.

கடைசியாகப் பை. மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பட்டன் வேலை செய்யக் கூடாது. செய்தால், மரையில் மின்சாரம் கடத்தாத பூச்சு இல்லை; அது பைக்குள் தானாக எரிந்து துணியைப் பொசுக்கும். பக்கவாட்டில் எலக்ட்ரானிக் சுவிட்ச் உள்ளவை அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லைக் குடிக்கும். 4.2 வோல்ட் ஏற்றி, மூடியை இறுக்கி, தொடாமல் ஒரு மாதம் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். 4.08 காட்டியது. அதனால் அதை மூடி தளர்த்தியே சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.