எகிப்தியக் கல்லறைகளில் லாரா கிராஃப்ட்: புதிய ஆட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லறைகளை ஆராயும் சாகசக்காரி லாரா கிராஃப்டை நாயகியாகக் கொண்டு 1999 நவம்பரில் வெளியான ‘டூம் ரெய்டர்: தி லாஸ்ட் ரெவலேஷன்’ என்ற வீடியோ விளையாட்டு, 2025 பிப்ரவரியில் மெருகேற்றப்பட்ட புதிய பதிப்பாக மீண்டும் கிடைத்திருக்கிறது. கம்போடியாவின் அங்கோர் வாட்டில் 1984இல் நிகழும் முன்கதையைத் தவிர்த்தால், மன்னர்களின் பள்ளத்தாக்கு, கர்னாக், அலெக்சாந்திரியா, கெய்ரோ, கீசா என ஆட்டம் முழுவதும் எகிப்திலேயே நடக்கிறது. இன்றைய சாகச விளையாட்டுகளில் பழகிய கை இதில் அடிக்கடி தோற்பதற்குக் காரணம், இது விரைவைக் காட்டிலும் அளவை நம்பி உருவாக்கப்பட்ட விளையாட்டு என்பதுதான்.

முதல் தவறு, குதிப்பதைக் குத்துமதிப்பாகச் செய்வது. ஆட்டத்தின் ஒவ்வொரு தளமும் (லெவல்) சம அளவுள்ள கட்டங்களால் ஆனது. லாராவின் தாவல்களும் அந்தக் கட்டங்களுக்குப் பொருந்தும்படியே அமைக்கப்பட்டுள்ளன. நின்ற இடத்திலிருந்து குதித்தால் ஒரு கட்ட அகலமுள்ள பள்ளத்தையும், ஓடிக் குதித்தால் இரண்டு கட்டங்களையும் கடக்கலாம். ஓடிக் குதித்து விளிம்பைப் பற்றிக்கொண்டால் மூன்று கட்டங்கள் வரை எட்டலாம். ஆகவே பள்ளத்தைக் கண்டவுடன் பாயாமல், நடை விசையை அழுத்திக்கொண்டு விளிம்புவரை செல்ல வேண்டும். அந்த விசை அழுத்தப்பட்டிருக்கும்வரை லாரா விளிம்பைத் தாண்டி விழமாட்டாள். அங்கிருந்து பின்னோக்கி ஒரு துள்ளல் துள்ளினால், ஓடிக் குதிக்கத் தேவையான தூரம் சரியாகக் கிடைத்துவிடும். புதிய பதிப்பிலுள்ள நவீனக் கட்டுப்பாட்டு முறை நடமாட எளிதாக இருந்தாலும், இத்தகைய அளந்த தாவல்களுக்குப் பழைய முறையே நம்பகமானது என்பது என் கருத்து. முதல் ஒரு மணி நேரம் அது எரிச்சலூட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அங்கோர் வாட் பகுதியை வெறும் முன்னுரையாகக் கருதி விரைந்து கடப்பதும் தவறே. பதினாறு வயது லாராவுக்கு ஆசிரியர் வெர்னர் வான் கிராய் கற்றுத்தரும் அசைவுகள் அனைத்தும் எகிப்தில் தேவைப்படும். தொடரின் முந்தைய ஆட்டங்களில் இருந்ததைப் போல, பயிற்சிக்கென்று கிராஃப்ட் மாளிகை இதில் கிடையாது.

சண்டையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை தோட்டாவை வீணாக்குவதில்தான் போய் முடிகின்றன. கைத்துப்பாக்கிகளுக்குத் தோட்டா தீராது என்பதால், தேள், முதலை போன்றவற்றுக்கு அவையே போதும். எலும்புக்கூடுகளோ சாதாரணத் தோட்டாக்களுக்கு அசைந்துகொடுப்பதில்லை. அவற்றை வெடிக்கும் அம்புகளாலோ எறிகுண்டுகளாலோ சிதறடிக்க வேண்டும். அவை பள்ளத்தின் ஓரத்தில் நின்றால் ஷாட்கன்னால் சுட்டுக் கீழே தள்ளிவிடலாம். ஆகவே வெடிபொருளைச் சாதாரண எதிரிகள்மீது செலவழித்துவிட்டு, பின்னர் எலும்புக்கூடுகளின் நடுவே வெறுங்கையுடன் நிற்கக் கூடாது. ஓடித் தப்புவதும் பல இடங்களில் சரியான விடையே. தேள் கொட்டி நஞ்சேறினால் உயிர்ப்பட்டை தொடர்ந்து குறைந்துகொண்டே வரும். சிறிய மருந்துப் பெட்டி ஒன்றே அதை நிறுத்திவிடும் என்பதால், பெரியதை அதற்குப் பயன்படுத்துவது வீண்செலவு.

வழி அடைபட்டதாகத் தோன்றும்போது மீண்டும் மீண்டும் சுவர்களைச் சுற்றி வருபவர்கள், பையில் உள்ள பொருட்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். ஹோரஸின் கண் இரு துண்டுகளாகக் கிடைக்கிறது; அவற்றை இணைத்தால்தான் அது பயன்படும். லேசர் குறிகாட்டியும் தனியாக உதவாது. ரிவால்வருடனோ குறுக்குவில்லுடனோ பொருத்திய பின்னரே தொலைவிலுள்ள இலக்குகளைத் துல்லியமாகச் சுட முடியும்.

‘செமர்கெத்தின் கல்லறை’ என்ற தளத்தில் வரும் செனெட் ஆட்டம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. மூன்று வரிசைகளில் முப்பது கட்டங்கள் கொண்ட செனெட், பண்டைய எகிப்தியர் உண்மையிலேயே ஆடிய பலகை விளையாட்டு. துட்டன்காமனின் கல்லறையிலும் அதன் பலகைகள் கிடைத்துள்ளன. பகடைக்குப் பதிலாகக் குச்சிகளை வீசுவார்கள். விளையாட்டில் இதன் விதிகள் ஒரு சுருளில் தரப்பட்டிருக்க, பலர் அதைப் படிக்காமலேயே ஆடத் தொடங்கி, எதிராளி முந்துவது கண்டு குழம்புகிறார்கள். இன்னும் சிலர், தோற்றால் கதை முடிந்துவிடும் என்று அஞ்சி, வெற்றி கிட்டும்வரை முன்பு சேமித்து வைத்த ஆட்டநிலையைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறார்கள். அது தேவையில்லை. வென்றால் வழி சுருங்கும்; தோற்றால் நீண்ட, சிரமமான வழியாகச் செல்ல வேண்டியிருக்கும், ஆனால் ஆட்டம் அடைபடாது. உண்மையில் தோற்றவருக்குக் கல்லறையை அதிகம் பார்க்கக் கிடைக்கிறது.

எல்லாவற்றிலும் அதிக விலை கேட்கும் தவறு, ஆட்டத்தை ஒரே சேமிப்புக் கோப்பின்மேல் திரும்பத் திரும்பச் சேமிப்பதுதான். முந்தைய ஆட்டங்களில் ஒரு தளத்தை முடித்தால் அது முடிந்ததுதான். இதிலோ அலெக்சாந்திரியா, கெய்ரோ போன்ற பகுதிகளில் தளங்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஒரு தளத்தில் எடுத்த பொருளுக்கான பூட்டு வேறொரு தளத்தில் இருக்கும். கடந்த இடத்துக்கே பலமுறை திரும்ப வேண்டியிருக்கும். எந்த இடத்திலும் சேமிக்கலாம் என்ற வசதியை நம்பி, விழுந்துகொண்டிருக்கும் கணத்திலோ தீப்பற்றிய நிலையிலோ பழைய சேமிப்பின்மேல் எழுதிவிட்டால், மீள வழி இருக்காது. ஆகவே ஒவ்வொரு தளத்தின் நுழைவிலும் ஒரு தனிச் சேமிப்பை வைத்துக்கொண்டு, இடையிடையே மேலும் இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. பொருட்களை எங்கே எடுத்தோம், எந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை என்பதை ஒரு தாளில் குறித்து வைத்தால், கெய்ரோ பகுதியில் அலைச்சல் வெகுவாகக் குறையும்.