பல் கிளிப் போட்டவர்கள் எலும்பைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது எப்படி?

கம்பிதான் பல்லை இழுத்துக்கொண்டு போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். கம்பி அழுத்தம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பல்லுக்கு வழிவிட வேண்டியது எலும்பு. அதைக் கரைத்துக் கட்டும் செல்களுக்கென்று ஒரு வேகம் உண்டு, அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

பல் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் நார்த்திசு. பல்லைத் தள்ளினால் ஒரு பக்கம் இந்த நார் நசுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்துக்கு ஓரிரு நாளில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்துவிடும், இழுபட்ட பக்கத்தில் வேறு வகைச் செல்கள் புது எலும்பு போடும். எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்டுக்கு இந்த நாரே கிடையாது, அதனால் எந்தக் கம்பிக்கும் அது அசையாது. இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால் கிளிப் போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"நல்லா இறுக்கிவிடுங்க, சீக்கிரம் முடியட்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், எலும்புக்குள் அழுத்த 10 முதல் 20 கிராம் விசையே போதும். அதிகமானால் நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் நின்று அந்த இடத்துத் திசு செத்துவிடும், கரைக்கும் செல்கள் முன்னால் வர முடியாமல் எலும்பின் பின்பக்கத்திலிருந்து குடைந்துகொண்டு வர வேண்டியிருக்கும், அதுவரை பல் இரண்டு மூன்று வாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். வலியும் கூடும், வேர் நுனி கரையும் அபாயமும் கூடும். ஒரு ரப்பர் பேண்ட் மாட்டச் சொன்னால் ஒன்றுதான், இரண்டு மாட்டக் கூடாது. மாதம் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். விசை ஒரு நாளில் சில மணி நேரமாவது தொடர்ந்து இருந்தால்தான் செல்கள் வேலையையே தொடங்கும். கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் என்றால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம், சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றுங்கள். பகலெல்லாம் பையில் வைத்துவிட்டு ராத்திரி மட்டும் போட்டால் பல் முன்னும் பின்னும் ஆடுமே தவிர, போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

வலி, கம்பி மாற்றிய சில மணி நேரத்தில் ஆரம்பித்து மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் எலும்பு கரையவும் சமிக்ஞை கொடுக்கிறது. ஆகவே இப்யூபுரோஃபென் வகை மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் பல் நகர்வது மந்தமாகலாம். ஒன்றிரண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. இருந்தாலும் பாரசிட்டமால் உங்களுக்குச் சரிப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் மாத்திரை எடுப்பவர்கள் அதை முதல் நாளே சொல்லியாக வேண்டும், அது கரைக்கும் செல்களையே முடக்கும் மருந்து. பல் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், நார் இருக்கும் இடம் அகலமாகியிருக்கிறது. ரொம்ப ஆடினால் போய்க் காட்டுங்கள்.

அப்புறம் ஈறு. ஈறு நோயை வைத்துக்கொண்டு பல்லைத் தள்ளினால் எலும்பு கரையும், ஆனால் திரும்பக் கட்டப்படாது. முதலில் அதைக் குணப்படுத்திக்கொண்டு கிளிப் போடுங்கள், போட்ட பிறகு கம்பியைப் பிடித்திருக்க பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றி நிதானமாகத் துலக்குங்கள்.

கிளிப் கழற்றிய அன்று நிறைய பேர் அசந்துவிடுவது, நகர்ந்த பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரிடெய்னர் விஷயத்தில்தான். பல்லைச் சுற்றிய நார் மறுபடி ஒழுங்காக 3-4 மாதம் ஆகும், ஈறில் இருக்கும் மீள்நார்களுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். திருகியிருந்த பல்லைத் திருப்பி வைத்திருந்தால் இன்னும் மோசம். எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். பொதுவாக முதல் சில மாதம் முழு நேரமும், பிறகு இரவிலும் போட வேண்டியிருக்கும். நடுவில் சில நாள் விட்டுப் போட்டு இறுக்கமாகத் தெரிந்தால் பல் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே தொடர்ந்து போட ஆரம்பியுங்கள். உட்காரவே இல்லையென்றால் அழுத்தித் திணிக்காமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.