வின்செஸ்டர் 70-இல் பழைய வீவர் ஸ்கோப்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள், டெக்சாஸின் எல் பாசோவில் செய்த வீவர் கே4 ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), இரண்டையும் பிணைக்க ரெட்ஃபீல்ட் ஜேஆர் மவுண்ட் (ரைஃபிளில் பூட்டும் பேஸும், ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களும்). 1950-களின் அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் கையில் சகஜமாக இருந்த கூட்டு இது. இன்று இவற்றைத் தேடி வாங்கிப் பூட்டுகிறவர்களும் அன்றைய தவறுகளையே செய்கிறார்கள். ஸ்க்ரூவை இறுக்க மறப்பது, ஸ்கோப்பைச் சாய்த்து வைப்பது எல்லாம் முதல் நாளிலேயே கண்ணில் பட்டுவிடும்; அவற்றை விட்டுவிடலாம். உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து, போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் உருளை) கழற்றி வைத்த பிறகே மற்ற வேலை.

ஸ்கோப்பையே நெம்புகோலாக்குவது

ரெட்ஃபீல்ட் மவுண்ட்டின் முன்வளையத்துக்கு அடியில் ஒரு டவ்டெயில் (புறாவால் வடிவ) நாக்கு உண்டு. அதை பேஸின் குழியில் குறுக்காக இறக்கி 90 பாகை திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பின்வளையத்தை இருபுறமும் ஒவ்வொரு பெரிய ஸ்க்ரூ கவ்விப் பிடிக்கும். புது டவ்டெயில் விரலுக்குத் திரும்பாது, அவ்வளவு இறுக்கம். உடனே வளையத்துக்குள் ஸ்கோப்பை வைத்து மூடி, அதன் வாலைப் பிடித்துத் திருப்பிவிடுகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் பொறுக்க முடியாத காரியம் இது.

கே4-இன் குழாய் எஃகுதான், ஆனால் மெல்லியது. திருப்பும் விசை முழுவதும் வளையத்தின் விளிம்பில் வந்து விழுகிறது. அங்கே குழாய் நசுங்கும், அல்லது மயிரிழை வளையும். உள்ளே வரிசையாக நிற்கும் லென்ஸுகளும் குறுக்குக்கோடும் நேர்க்கோட்டிலிருந்து விலகும். அறுபது எழுபது வருடம் காய்ந்துபோன அடைப்பு விரிசல் விட்டு, முதல் குளிர் காலையில் கண்ணாடிக்குள் பனி படரும். வெளியே தெரிவது வளையத்தடியில் ஒரு மெல்லிய கோடு மட்டும். பழி ரைஃபிள் மேலும் தோட்டா மேலும் போகும். எல் பாசோ ஆலை 1984-இல் மூடப்பட்டுவிட்டது. பழுதுபார்க்கத் தொழிற்சாலையும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. சரியாக 1 அங்குலத் தடிமனில், ஓரடி நீளத்தில் ஒரு எஃகுத் தண்டு எடுங்கள். கெட்டி மரமும் போதும். டவ்டெயிலில் சிறிது கிரீஸ் தடவி, தண்டை வளையத்துக்குள் இறுக்கித் திருப்புங்கள். கனமாக, ஆனால் சிக்காமல் நகரும் வரை சில முறை முன்னும் பின்னும் திருப்பி, தண்டு குழலுக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். அதன் பிறகே ஸ்கோப். கழற்றும்போதும் மேல்வளையத்தைத் திறந்து ஸ்கோப்பை எடுத்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் திருப்பிக்கொண்டிருந்தால் டவ்டெயில் தேய்ந்து தளர்ந்துவிடும்.

டயலால் இழுப்பது

தொடக்கக் கால கே4-களில் குறியைத் திருத்தும் டயலைத் திருப்பினால் குறுக்குக்கோடே பார்வையின் நடுவை விட்டு மூலைக்கு ஓடும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அந்தக் கால அமைப்பே அப்படி. அதனால் பெரிய திருத்தத்தை மவுண்ட்டில் செய்ய வேண்டும். கோட்டை நடுவில் வைத்து, 25 கஜத்தில் உள்ள குறியைக் குழல் வழியே பார்த்து, கோடும் அதே குறியில் வரும் வரை பின்வளைய ஸ்க்ரூக்களில் ஒன்றைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்குங்கள். ஸ்கோப்பின் பின்பகுதி வலப்பக்கம் நகர்ந்தால் குண்டும் வலப்பக்கம் போகும். உயரம் போதாவிட்டால் பின்பக்கம் பேஸுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வையுங்கள். தாங்குமிடங்களுக்கு இடையே 5 அங்குலம் இருந்தால், 0.005 அங்குலத் தகடு 100 கஜத்தில் குண்டைச் சுமார் 3.6 அங்குலம் உயர்த்தும். டயல் கடைசி ஓரிரு அங்குலத்துக்கு மட்டும்.

ரிசீவரில் புதுத் துளை

வேண்டாம். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மாடல் 70-களில், ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகு உடல்) பின்பக்க மேல்வளைவான பின்பாலத்தில் ஸ்கோப் பேஸுக்கான துளை இருக்காது. அந்த வெறுமைக்குத்தான் சேகரிப்பாளர் விலை கொடுக்கிறார்.

குழாயை அளக்காமல் வளையம் வாங்குவது

கே4-க்கு 1 அங்குலம், லைமன் அலாஸ்கன் ஸ்கோப்புக்கு 7/8 அங்குலம், பழைய ஜெர்மன் ஸ்கோப்புகள் பலவற்றுக்கு 26 மில்லிமீட்டர். காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள்.

நீளமான ஸ்க்ரூ

பேஸ் ஸ்க்ரூக்கள் 6-48 மரை (6-ஆம் எண் ஸ்க்ரூ, அங்குலத்துக்கு 48 புரி). முன்பக்க ஸ்க்ரூ நீண்டுவிட்டால் போல்ட்டின் பூட்டுக்காதில் (மூடியதும் பூட்டிக்கொள்ளும் முன்புடைப்பு) உரசும். பின்பக்கத்தில் போல்ட் உடலிலேயே உரசும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இறுக்கியதும் போல்ட்டைப் போட்டு மூடிப் பாருங்கள். கனத்தால், கடைசியாக இறுக்கியதுதான் காரணம். அதன் நுனியை அராவுங்கள். மரைகளில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு கூடாது, கழற்றச் சூடு வைக்க வேண்டியிருக்கும். 15 முதல் 20 அங்குல-பவுண்ட் இறுக்கம் போதும்.

டயல் நகர்ந்ததும் கோடும் நகர்ந்தது என்று நம்புவது

பழைய கிரீஸ் கெட்டியாகி ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும். டயலைத் திருப்பிய உடனே ஒன்றும் நடக்காது. அடுத்த குண்டின் அதிர்வில் கோடு திடீரென்று தாவும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் டயல் மேட்டை ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் நாலு தட்டு மெதுவாகத் தட்டுங்கள். மூன்று குண்டு சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்த பிறகே மறுபடி டயலைத் தொட வேண்டும்.