ஸ்பானிய வினைச்சொல்: அசை பிரித்தலும் அழுத்தமும்

ஊட்டி, குன்னூரில் வழிகாட்டியாகவோ ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டோ ஸ்பானியம் பழகுபவர்கள், சொற்களைச் சேர்க்கும் முன்பே அழுத்தத்தை, அதாவது சொல்லின் எந்த அசையில் குரல் ஓங்குகிறது என்பதைப் பழகிவிட வேண்டும். நமக்குக் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். ஸ்பானியத்தில் அழுத்தம் இடம் மாறினால் மாறும். 'யே-கொ' என்றால் வந்து சேர்கிறேன். 'யெ-கோ' என்றால் வந்து சேர்ந்தது. மேட்டுப்பாளையம் ரயில் வந்துவிட்டதா என்று கேட்பவரிடம் முதலாவதைச் சொன்னால், பதில் உங்களைப் பற்றியதாகிவிடும்.

இங்கே அழுத்தும் அசையை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறோம். உங்கள் நோட்டிலும் அப்படியே எழுதுங்கள். வாசிக்கும்போது இரண்டு மாத்திரை இழுக்காமல், அந்த அசையில் குரலைச் சற்று ஓங்கினால் போதும்.

முதலில் அசை. உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் வந்தால் அது பின்னசைக்குப் போகும். இரண்டு மெய் வந்தால் பிரியும்: அந்-தார் (நடக்க). ஆனால் ப், க், ஃப் இவற்றையடுத்து ல, ர வந்தாலும், த் அடுத்து ர வந்தாலும் பிரியாது. நம் நாக்கு 'ஆப்-லொ' என்றே பிரிக்கும். சரியானது ஆ-ப்லொ (பேசுகிறேன்). 'கடை திறக்கிறது' என்பதற்கு ஆ-ப்ரெ. நடுவில் உகரம் நுழைந்து 'ஆ-பு-ரெ' ஆனால் ஓர் அசை கூடிவிடும். கடைசி மெய்க்குப் பின் வரும் உகரமும் அப்படித்தான்: 'அப்லாரு' அல்ல, அ-ப்லார்.

இகர உகரம் அழுத்தமின்றி வேறு உயிரோடு சேர்ந்தால் ஒரே அசை: கொ-ம்யோ (சாப்பிட்டார்). இகரத்தின் மேலேயே அழுத்தக்குறி (சாய்கோடு) இருந்தால் பிரியும்: கொ-மீ-அ (முன்பு சாப்பிடுவது வழக்கமாக இருந்தது).

அழுத்த விதி சிறியது. சொல் உயிரிலோ ன், ஸ் என்றோ முடிந்தால் அழுத்தம் ஈற்றயலசையில் (கடைசிக்கு முந்தையதில்). வேறு மெய்யில் முடிந்தால் ஈற்றசையில். எழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் அதுவே முடிவு.

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு வினையின் அமைப்பு எளிது. அ-ப்லா-ப-மொஸ் (பேசிக்கொண்டிருந்தோம்) என்பதில் 'அப்ல்' பகுதி, 'ஆ' எந்த வகை வினை என்று காட்டும் உயிர், 'ப' காலம் காட்டும் இடைநிலை, 'மொஸ்' 'நாம்' என்னும் விகுதி. நிகழ்காலத்தில் நான், அவர், அவர்கள் என்பவற்றுக்குப் பகுதியில் அழுத்தம். 'நாம்' வந்தால் அது வகையுயிருக்கு நகரும். இதைப் பிடித்துக்கொண்டால் ஒழுங்கற்றவை போலத் தோன்றும் பல வினைகள் தெளியும்: ப்வே-தொ (என்னால் முடியும்), ஆனால் பொ-தே-மொஸ் (நம்மால் முடியும்). பகுதியின் ஒகரம் அழுத்தம் பெறும்போது மட்டுமே 'ப்வே' ஆகிறது. எதிர்காலத்தில் பெரும்பாலும் வினையின் மூல வடிவம் அப்படியே நிற்க, அழுத்தம் விகுதிக்குப் போகும்: யெ-க-ரா (வந்து சேரும்).

ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் கைகொடுக்காது. அர், இர் என முடியும் பெரும்பாலான வினைகளில் 'நாம்' வடிவம் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒன்றே. ஸு-பீ-மொஸ் என்றால் ஏறுகிறோம், ஏறினோம் இரண்டும்தான். தொட்டபெட்டா ஏறியதைச் சொல்லும்போது அ-யேர் (நேற்று) என்று சேர்த்துச் சொல்லுங்கள்.