பாதியாகக் குறைந்தது என்று சொல்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஓவர்லாக் தையலை இரண்டு கட்டை விரலாலும் விரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், சில பீஸ்களில் தையலை ஒட்டிப் பொடிப்பொடியாக வெளிச்சம் தெரியும். ஊசி இறங்கும்போது பின்னல் நூல் அறுந்த இடம் அது. நாலு தடவை துவைத்தால் ஓட்டை விழுந்துவிடும்.

ஊசியை மாற்றிப் பார்த்தோம். பழைய ஊசியில் தைத்த 400 பீஸில் 12 பழுது; முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசியில் 400-க்கு 6. "பாதியாக் குறைஞ்சிருச்சே, எல்லா மெஷினுக்கும் மாத்திடலாமா?" என்று முதலாளி கேட்டார். ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன்.

விகிதம் 6 ÷ 12 = 0.5. ஆனால் 6 என்பது சின்ன எண். அடுத்த 400-இல் அதுவே 9 ஆகலாம், 4 ஆகலாம். அந்த ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி. போன் கால்குலேட்டரே போதும், சயன்டிஃபிக் பக்கம் இருந்தால் சரி.

முதலில் 1/6 + 1/12 − 1/400 − 1/400. வருவது 0.245. அதன் வர்க்கமூலம் 0.495. அதை 1.96-ஆல் பெருக்கினால் 0.97. இப்போது e என்ற பொத்தானில் 0.97-ஐ அடுக்காகப் போடுங்கள்: 2.64. விகிதத்தை இதால் பெருக்கினால் மேல் எல்லை 1.32, வகுத்தால் கீழ் எல்லை 0.19. கூட்டிக் கழிக்காமல் பெருக்கி வகுப்பதற்குக் காரணம் உண்டு. பாதியாவதும் இரட்டிப்பாவதும் விகிதத்தில் சம தூரம்; கழித்துக்கொண்டே போனால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், பழுது அப்படிப் போகாது.

1.96 போட்டது இதற்காகத்தான்: இந்த முறையில் 100 தடவை கணக்குப் போட்டால், சுமார் 95 தடவை உண்மையான விகிதம் எல்லைகளுக்குள் விழும். எங்கள் எல்லையோ 0.19 முதல் 1.32 வரை. விகிதம் 1 என்றால் இரண்டு ஊசியும் சமம்; 1-ஐத் தாண்டினால் புதுசில்தான் பழுது அதிகம். புது ஊசி பழுதைக் கூட்டவும் கூடும் என்பதை இந்த 400 பீஸ் மறுக்கவில்லை.

ஒரு பக்கம் பூஜ்யம் வந்தால் வகுக்க முடியாது. இரண்டு பழுது எண்ணிக்கையிலும் அரை சேருங்கள், பீஸ் எண்ணிக்கையிலும் அப்படியே. மிகச் சிறிய எண்களில் எல்லையை உத்தேசமாகத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், எல்லையை 1-உடன் மட்டும் ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். புது ஊசி விலை கூட. பழுது 100-லிருந்து 85-ஆவது குறைந்தால்தான் அந்தச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகும். அதனால் எங்கள் கோடு 0.85. மேல் எல்லை அதற்குக் கீழே வந்தால் மாற்றலாம். கீழ் எல்லையே அதற்கு மேலே போனால் விட்டுவிடலாம். நடுவில் கோடு விழுந்தால் இன்னும் எண்ண வேண்டும்.

எங்களுக்கு நடுவில் விழுந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் 1600 பீஸ் என்று முன்பே முடிவு செய்து, புதிதாக எண்ணினோம். பிடித்த விடை வந்தவுடன் நிறுத்தினால் கணக்கு கெட்டுவிடும். ஒரே சாயத் துணி, அதே டெய்லர்கள், காலையும் மாலையும் ஊசி மாற்றி மாற்றி. பழையதில் 49, புதியதில் 23. விகிதம் 0.47, எல்லை 0.29 முதல் 0.77 வரை.

மறுநாள் காலையிலேயே முதலாளி எல்லா மெஷினுக்கும் ஊசி மாற்றச் சொல்லிவிட்டார்.

பழகிப் பார்க்க ஒரு நிஜக் கணக்கு: அமெரிக்க மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வு, 1988-இல் வெளியானது. ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 மாரடைப்பு. போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189. உங்களுக்கு எல்லைகள் 0.43, 0.70 என்று வர வேண்டும்.