என் மேசையில் தேங்கிய முடிவுகள்

கோவையில் 8 பேருடன் தொடங்கிய எங்கள் பில்லிங் மென்பொருள் நிறுவனம் 40 பேராக வளர்ந்த பிறகும், தள்ளுபடி முதல் சர்வர் மாற்றம் வரை அனைத்துக்கும் என் ஒப்புதலே தேவைப்பட்டது. இருவர் இருவராகக் கணக்கிட்டால், 8 பேருக்கிடையே 28 தொடர்புகள்தாம். 40 பேருக்கோ 780. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான், முடிவுகள் தாமதமாவதற்குக் காரணம் ஊழியர்கள் அல்லர், நானே என்பது உறைத்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவுகளையும் மாற்ற இயலாதவற்றையும் பிரித்துக் காட்டியிருந்தார். முதல் வகையைக் குழுத் தலைவர்களிடம் விட்டுவிட்டு, எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் ஒரு பொதுக் கோப்பில் எழுதிவைக்கச் சொன்னேன். பணி நியமனமும் வாடிக்கையாளர் தரவைத் தொடும் மாற்றங்களும் மட்டுமே என்னிடம் எஞ்சின. முதல் மாதமே ஒரு தள்ளுபடி பிசகியது. பல்லைக் கடித்துக்கொண்டு, தலையிடாமல் இருந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை மாலையில் அந்தக் கோப்பை வாசிப்பதோடு சரி.