அம்மம்மாவுடன் ‘புளூ பீட்டில்’ பார்ப்பதற்கு

திருகோணமலையில் மூன்று தலைமுறையும் ஒன்றாக அமர்ந்து 2023இல் வெளியான ‘புளூ பீட்டில்’ என்ற ஆங்கில சூப்பர் ஹீரோ படத்தைப் பார்ப்பதாயின், கோணேசர் கோயில் மாலைப் பூசைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பின்னரே தொடங்குங்கள். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும். மெக்சிக்க வம்சாவளியினரான றெயஸ் குடும்பத்தார் ஆங்கிலத்துக்கும் ஸ்பானிய மொழிக்கும் மாறி மாறிப் பேசுவதால், திரையின் கீழ்வரும் எழுத்துகளை முன்கூட்டியே போட்டுவிட்டு, ஒருவர் அம்மம்மாவுக்கு அருகிலிருந்து தமிழில் சொல்லிவர வேண்டும். வண்டுக் கவசம் அக்குடும்பத்து இளைஞனான கதாநாயகன் ஹைமேயின் உடலோடு ஒட்டிக்கொள்வதை விளக்க ஒரு வசனமே போதும். அக்குடும்பத்தின் வீடு கைவிட்டுப் போகும் நிலைக்கே நேரம் கொடுங்கள், படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஹைமேயின் தந்தையின் இறப்புக் காட்சி மனத்தை உலுக்கக்கூடியது என்பதால், அண்மையில் துக்கம் கண்ட வீடாயின் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டி துப்பாக்கி ஏந்தும் இடத்துக்கு விளக்கமே தேவைப்படாது. எழுத்தோட்டம் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள்; அதன் நடுவிலும் முடிவிலும் காட்சிகள் உள்ளன.